ஒரே பக்கம் போன குரோமோசோம்கள்

நடத்தாத பாடத்துக்கு வெற்றிச் சான்று எழுதிவைத்த மேதாவி நான். பாடம் முடிந்தபின் எழுதவேண்டிய 'சிந்தனை மீட்சி'யை முந்தின நாளே எழுதிவிடும் பழக்கம் ஆசிரியர்கள் பலருக்கும் உண்டு. அவர்கள் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் வர்ணித்திருந்தேன்: 'மாணவர்கள் அமைதியாக இரு சமமான செல்களாகப் பிரிந்தனர். நோக்கம் முழுமையாக நிறைவேறியது.'

அப்போது மலேசியாவில் லுக்குட் பக்கம் ஓர் இடைநிலைப்பள்ளியில் உயிரியல் ஆசிரியர். பதவி உயர்வுக்காக என் பாடத்தை மதிப்பிட சகுந்தலா என்ற அதிகாரி வருவதாக இருந்தது. செல் பிரிவைப் படம் காட்டி விளக்கினாலே போதும். (மனைவியும் அதைத்தான் சொன்னாள். அவள் பட்டதாரி இல்லையே, எப்படிக் கேட்பது!) நான் மாணவர்களையே குரோமோசோம்களாக்கித் திடலில் நிறுத்தினேன்.

நடுவில் இரட்டை இரட்டையாகச் சிலர்; ஒவ்வொரு இரட்டையும் பள்ளி டையால் பிணைக்கப்பட்டிருக்கும். அவர்கள் இடுப்பில் கட்டிய கயிறுகளை மற்றவர்கள் இருபக்கமும் பிடித்திருப்பார்கள். விசில் ஊதியதும் டையை அவிழ்த்துவிட்டு மெல்ல இழுக்க வேண்டும். இரட்டையில் ஒருவர் இந்தப் பக்கம், மற்றவர் அந்தப் பக்கம். இரண்டு செல்லுக்கும் சமபங்கு.

கயிறு விளையாட்டு அறையிலிருந்து வந்தது. விசிலும்தான். பிடித்தவர்களோ தீபாவளி விளையாட்டில் கயிறு இழுத்துக் கோப்பை வாங்கும் ரப்பர் தோட்டத்துக் குடும்பங்களின் பிள்ளைகள். இந்த மூன்றையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று யோசிக்க என் முதுகலைப் பட்டம் போதவில்லை.

விசில் ஊதினேன்.

"இழு லா! விடாத, விடாத!" என்று கத்தினாள், ஒரு பக்கத்தின் கடைசியில் நின்ற தேவி. டையை அவிழ்க்க யாருக்கு நேரம்? குரோமோசோம்கள், எதிரணி, தடுக்க ஓடிய நான் எல்லோரும் அவள் பக்கமே போய்க் குவிந்தோம். மறுபக்கச் செல்லில் எஞ்சியது யாரோ ஒருவரின் காலிலிருந்து கழன்ற ஒற்றைச் சப்பாத்து.

"ஜெயிச்சிட்டோம் சார்!"

ஓரமாக நின்று பார்த்த அதிகாரி சிரிக்கவில்லை. தேவியிடம் கேட்டார்: "அந்தப் பக்கத்து செல்லு பொழைக்குமாம்மா?"

"பொழைக்காது டீச்சர். அதுக்கு ஒரு குரோமோசோம்கூட போகலையே. டைய அவுத்துட்டு இழுத்திருந்தா ரெண்டுக்கும் சமமா போயிருக்கும்."

பாடத்தின் நோக்கமே அந்தப் பதில்தான். அத்தோடு நான் வாயை மூடியிருந்தால் தப்பித்திருக்கலாம். புல்லில் கிடந்தபடியே திருவாய் மலர்ந்தேன்: "மன்னிச்சிக்குங்க மேடம். தோட்டத்துப் பிள்ளைங்க, இவ்வளவுதான்."

"நீங்க எந்த ஊரு சார்?"

"லிங்கி..." என்று இழுத்தேன். "தோட்டம்தான்." அம்மா பால்மரம் சீவி என்னைப் படிக்கவைத்த தோட்டம்.

அவர் என் பாடத்திட்டத்தைப் புரட்டி, சிந்தனை மீட்சியை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். 'அமைதியாக' என்ற இடத்தில் சற்று நிறுத்தினார்.

பதவி உயர்வு வரவில்லை. பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டேனா? அடுத்த வாரம் அதே பாடத்தில் தேர்வு வைத்தேன், அவ்வளவு பெரிய மனிதன். எல்லோரும் தேறியது அதைவிட அவமானம்.

பல ஆண்டுகள் கழித்து அந்தத் தேவியையே என் மகன் காதலித்துக் கட்டிக்கொண்டான். நீலாயில் அவர்கள் வீட்டில் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் வந்தால், கேக்கில் கத்தி வைக்குமுன் கேட்பாள்: "மாமா, எல்லாருக்கும் சமமா கெடச்சிச்சுன்னு எழுதிட்டீங்களா?" வீடே சிரிக்கும்.

திடலில் நான் சொன்ன அந்த இன்னொரு வாக்கியத்தை மட்டும் அவள் இதுவரை சொல்லிக்காட்டியதில்லை. பெரிய துண்டை என் தட்டில்தான் வைக்கிறாள்.