யூனிட் சேர்த்தவர்

"இன்றுமுதல் இந்த வீட்டில் ஒரு யூனிட்கூட வீணாகாது!"

மொட்டைமாடியில் ஆறு சோலார் பலகைகளுக்கு நடுவே நின்று இப்படி முழங்கியவர், ஓர் அலுவலகத்தில் ஆவணக் காப்பாளர். முப்பது வருஷமாகப் பிறருடைய கோப்புகளைப் பூட்டிவைத்துப் பழகியவர். எதைக் கண்டாலும் பூட்டிவைக்கத் தோன்றும். இப்போது அவரிடம் வெயில் மாட்டிக்கொண்டது.

முழக்கத்தைக் கேட்க அவர் மனைவி மட்டும்தான் இருந்தாள். அவளும் ஈரத்துணியோடு கொடிக்கயிறு இருந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பலகை வர ஒரு நாள் ஆனது. மீட்டர் வர ஏழு மாதம். வருகிற கரண்டையும் போகிற கரண்டையும் தனித்தனியாக எண்ணும் இருவழி மீட்டர் அது. அதற்காக மின்சார அலுவலகத்துக்கு நடந்ததில் இரண்டு ஜோடிச் செருப்பு தேய்ந்தது. காத்திருந்ததில் அங்கிருந்த பெஞ்சும் தேய்ந்தது. கடைசியில் மீட்டரோடு முப்பத்திரண்டு பக்க விதிப்புத்தகம் ஒன்றும் வந்தது. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பரணில் வைத்தார். கோப்பைப் படிக்கிறவன் எப்படிக் காப்பாளனாக இருக்க முடியும்?

"பகல்ல நமக்குப் போக மிச்சக் கரண்டு அவங்ககிட்ட போயிடும். வேணுங்கறப்ப திரும்ப எடுத்துக்கலாம். எடுக்காம விட்டா சேர்ந்துகிட்டே இருக்கும்" என்று மனைவிக்கு விளக்கினார்.

"சேர்த்து என்ன பண்றதாம்?"

"ஆயிரம் யூனிட் ஆனதும் ஏசி! கோடை முழுக்கப் போர்வை போத்திக்கிட்டுத் தூங்கலாம்."

"அதுக்கு முன்னாடி என் மெஷினுக்கு ஒரு மோட்டார் வச்சுக்கறேங்க. மிதிச்சு மிதிச்சு முட்டி போச்சு. இனியும் மிதிச்சா தையலையே மறந்துடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"மோட்டாரா? சேமிப்புல ஓட்டை போடப் பார்க்கிறியே!"

"நான் தையல்காரிங்க. ஓட்டையைத் தைக்கிறதுதான் என் வேலை."

மோட்டார் வரவில்லை. இருட்டு வந்தது. வீட்டுக்கு ஒரே விளக்கு. அதுவும் அறை அறையாக அவர்கள் கூடவே நடந்தது. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்பது தெரியும், தட்டில் சாப்பாடு இருக்கிறதா என்பதுதான் தெரியாது. பின்னறையில் கேட்கிற 'கடக் கடக்' மெஷினா, முட்டியா என்று அவளுக்கே சந்தேகம். அவர் அந்த அறையை எட்டிப் பார்ப்பதில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் அங்கே காலில் ஊசி ஏறியதிலிருந்து வாசலோடு சரி.

ஆறு மாதத்தில் அறுநூறு யூனிட். காப்பாளருக்குக் கனவிலேயே குளிரெடுத்தது.

ஒருநாள் மாலை மனைவி கேட்டாள்: "ஏங்க, வருஷக் கடைசியில மிச்ச யூனிட் என்ன ஆகும்?"

"ஆவணத்துலயே ஊறினவன் நான். எனக்கே விதி சொல்றியா?"

"சொல்லலைங்க, கேட்டேன்."

"கேக்காதே."

அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அடுத்த மாதம் இருப்பு ஏறவில்லை. அதற்கடுத்த மாதம் இறங்கியது. ஐந்நூற்றைம்பது. நானூறு. காப்பாளருக்குச் சோறு இறங்கவில்லை.

"வெயில் குறைஞ்சு போச்சா?"

"வெயில் அப்படியேதான் இருக்கு. பலகையிலதான் தூசி" என்றாள் மனைவி.

துணியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். காலையில் அலுவலகம் போகும்வரை துடைத்தார். மாலையில் திரும்பி வந்து இருட்டும்வரை துடைத்தார். பலகை கண்ணாடியாகி, காக்கை ஒன்று அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டு போனது. ஆனால் பலகையைத் தேய்க்கத் தேய்க்க இருப்பும் தேய்ந்தது.

வருஷத்தின் கடைசி நாள். மீதி மூன்று யூனிட். விடுப்புப் போட்டுவிட்டு, 'என் வெயில் திருடப்பட்டது' என்று நாலு பக்கத்துக்கு மனு எழுதி வைத்துக்கொண்டு மீட்டர் பார்ப்பவருக்காக வாசலில் காத்திருந்தார்.

மீட்டர் பார்ப்பவர் வந்தார். எண்ணைக் குறித்தார். சட்டென்று கையை நீட்டினார்.

"சார், கையைக் கொடுங்க!"

"என்ன, துக்கம் விசாரிக்கறீங்களா?"

"இந்தத் தெருவுலயே ஏமாறாத ஆள் நீங்க ஒருத்தர்தான். இன்னையோட எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பூஜ்யம் ஆயிடும், சார். எதிர்வீட்டு ஐயாவுக்கு எண்ணூறு போச்சு. மூணாவது வீட்டுல விஷயம் தெரிஞ்சதும் ஆளில்லாத அறையில ஒரு வாரமா அஞ்சு ஃபேன் சுத்துது."

"அநியாயமா இருக்கே!"

"ஆமா சார். ஊருக்குக் கரண்டு கொடுக்கறவனை இந்த விதி வீணடிக்கத்தான் வைக்குது. நான் சொல்லி மாறுமா? நான் எண்ணிட்டுப் போறவன்."

"இது எங்கே எழுதியிருக்கு?"

"பதினேழாம் பக்கம்."

பரணிலிருந்து புத்தகத்தை இறக்கினார். பதினாறுக்குப் பிறகு பத்தொன்பது வந்தது.

"பதினேழு எங்கே?" என்று வீட்டுக்குள் பார்த்துக் கத்தினார்.

பின்னறையிலிருந்து பதில் வந்தது. "காலருக்கு அளவு மாதிரி வெட்டினேங்க. வெட்டறதுக்கு முன்னாடி படிச்சேன்."

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலைத் தாண்டினார். உள்ளே மூன்று மெஷின், மூன்றிலும் மோட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். மூலையில் ஆவி விடும் இஸ்திரிப்பெட்டி. கூரை முட்டப் பள்ளிச் சீருடைகள்.

"என்ன இதெல்லாம்?"

"தையல் யூனிட். நீங்க யூனிட் சேர்த்தீங்க, நான் யூனிட் வச்சேன்."

ஏதோ சொல்ல வாயெடுத்தவரின் பார்வை அவள் காலில் விழுந்தது. இரண்டு கால்களும் ஒரு முக்காலிமேல் சும்மா நீண்டிருந்தன. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கால்கள் சும்மா இருந்து அவர் பார்த்ததில்லை. அவர் பூட்டிவைத்திருந்தால் அந்த அறுநூறும் இன்றோடு யாருக்கும் இல்லாமல் போயிருக்கும். ஓடியதால் அது இந்த முட்டியில் தங்கியிருக்கிறது. கையிலிருந்த காகிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"கையில என்னங்க?"

"மனு. நாலு பக்கம்."

"கொடுங்க, சட்டைக் கைக்கு ஆகும்."

கொடுத்தார். பதிலுக்கு அவள் துடைக்கிற துணியை நீட்டினாள்.

"நாளைக்குப் புது வருஷம், புது ஆர்டர். மேல போங்க, தூசி."

"நிஜமாவே தூசி இருக்கா?"

"என்னைக்கும் இருந்ததில்லைங்க. நீங்க மேல இருந்தாத்தான் கீழ வேலை ஓடும்."