குளியலறைச் சுவரின் பொதுச்சேவை

மனிதகுலம் கண்டுபிடித்தவற்றிலேயே மகத்தானது லிட்மஸ் தாள்தான். சக்கரம், நெருப்பு எல்லாம் அதற்கு அடுத்த வரிசை. நான் சொல்லவில்லை, எங்கள் பகுதிச் சோதனை அதிகாரி சொன்னார். அவர் படித்தவர். நான் காலமெல்லாம் லாரி ஓட்டியவன். படித்தவர்கள் சொன்னால் நம்பித்தான் ஆகவேண்டும். வேறு வழி வைத்திருக்கிறார்களா?

எங்கள் வீட்டுக்கு மேல்புறம் ஒரு பட்டறை. துருப்பிடித்த இரும்பை அமிலத்தில் முக்கிப் பளபளவென்று எடுப்பார்கள். வேலை முடிந்த அமிலத்தைத் தொட்டியில் விட்டு, சுண்ணாம்பு போட்டுக் கலக்கி, வீரியம் போன பிறகுதான் சாக்கடையில் திறக்கவேண்டும் என்பது சட்டம். தொட்டி இருந்தது. மிகச் சுத்தமாக இருந்தது. அதில் எதுவுமே விழுந்ததில்லை என்பதால் அவ்வளவு சுத்தம். அமிலம் நேராகச் சாக்கடைக்கு வந்து, எங்கள் குளியலறைச் சுவரை உரசிக்கொண்டு போனது. உரசிய இடமெல்லாம் நுரைத்தது.

"ஏங்க, சுவர் சோடா மாதிரிப் பொங்குது" என்றாள் என் மனைவி. "அந்தப் படிச்சவரைக் கூட்டிட்டு வாங்க. நான் குளிக்கிற இடம். இடிஞ்சு விழுந்தா தெருவே வேடிக்கை பார்க்கும்."

அதிகாரி வந்தார். பையிலிருந்து ஒரு சிவப்புத் தாளை எடுத்துச் சாக்கடையில் முக்கினார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மாட்டிக்கொண்டும் பார்த்தார்.

"மாற்றம் இல்லை. சிவப்பு சிவப்பாவே இருக்கு. நல்ல தண்ணி."

"பையில நீலமா ஒண்ணு எட்டிப் பார்க்குதே தம்பி, அது என்ன?" என்றாள் இவள்.

"அதுவும் லிட்மஸ்தாம்மா. அமிலம் பட்டா நீலம் சிவப்பாயிடும். காரம் பட்டா, சோப்புத் தண்ணி மாதிரி ஏதாவது, சிவப்பு நீலமாயிடும்."

"பட்டறையில ஊத்துறது அமிலம்தானே? அப்ப நீலத்தைத்தானே முக்கணும்?"

அதிகாரி பதறிப்போனார். "முக்கினா மாறிடுமேம்மா!"

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. தாளின் மேல் எவ்வளவு அக்கறை! நீலம் மாறினால் அறிக்கை, அறிக்கைக்கு மேல் நோட்டீஸ், நோட்டீஸுக்கு மேல் கூட்டம். சிவப்புக்கு அந்தக் கெட்ட பழக்கம் இல்லை. அமிலத்தில் ஊறப்போட்டாலும் நிதானம் இழக்காது. நீலத்துக்கு அவர்கள் அலுவலகத்தில் "உணர்ச்சிவசப்படும் தாள்" என்றே பெயராம்.

என் மனைவியும் நீலத்தின் சாதிதான். வெடுக்கென்று அதைப் பிடுங்கி முக்கினாள். செக்கச்செவேல் என்று ஆனது.

அதிகாரி அசரவில்லை. "ஒரே இடத்துல பார்த்து முடிவு கட்டக் கூடாதும்மா" என்று சாக்கடையோரமாகவே நடந்தார். எங்கள் சுவர் முடிகிற இடத்தில் குனிந்து இன்னொரு நீலத் தாளை முக்கினார். நீலம் நீலமாகவே இருந்தது. சிவப்பை முக்கினார். அதுவும் அப்படியே இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

"பெரியவரே, இது என்ன சுவர்?"

"பழைய சுண்ணாம்புச் சுவர்."

"அதானே! சுண்ணாம்பு அமிலத்துக்குப் பகையாளி. ரெண்டும் சந்திச்சா ஒண்ணோட வீரியத்தை ஒண்ணு தின்னுடும். மிஞ்சுறது கொஞ்சம் உப்பு, கொஞ்சம் தண்ணி. நுரையாப் போறது காத்து. உங்க சுவர் உழைக்குது பெரியவரே!"

"உழைச்சு உழைச்சுத் தேயுதே சார்?"

"உழைச்சா தேயத்தான் செய்யும். நாமெல்லாம் தேயலையா?"

மறுவாரமே கூட்டம் போட்டார்கள். இனிமேல் தண்ணீரை எங்கள் சுவரைத் தாண்டிய இடத்தில்தான் சோதிப்பது என்று ஏகமனதாக முடிவானது. என் குளியலறைக்குப் "பொதுநலச் சுவர்" என்று பட்டம் கொடுத்தார்கள். பட்டறை முதலாளி எழுந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "பெரியவர் சுவர் இருக்கிறவரைக்கும் எனக்குத் தொட்டி எதுக்குங்க?" என்றார். கைதட்டல் அடங்க நேரமானது.

"சுவர் தீர்ந்துட்டா?" என்று கேட்டேன்.

"நல்ல காரியத்துல அபசகுனமாப் பேசாதீங்க" என்றார் அதிகாரி. என்னை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

மழைக்காலம் வருவதற்குள் சுவர் தன் சேவையிலிருந்து ஓய்வுபெற்றது. ஒரு காலையில் பொத்தென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் இவள் கட்டிய புடவையோடு, தலைக்கு ஊற்ற எடுத்த சொம்பும் கையுமாக, தெருவைப் பார்த்து நிற்கிறாள். சைக்கிளில் போனவர் ஒருவர் மரியாதையாக வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

"உங்க சுவருக்கு ஒரு பட்டம் கொடுத்தாங்களே, அதை நடுவுல கட்டித் தொங்கவிடுங்க. மறைவா இருக்கும்" என்றாள்.

மத்தியானமே அதிகாரி வந்துவிட்டார். கையில் சிவந்துபோன நீலத் தாள்.

"என்ன பெரியவரே இப்படிப் பண்ணிட்டீங்க! இத்தனை நாள் தண்ணி நல்லா இருந்துது. உங்க சுவர் விழுந்ததும் கெட்டுப்போச்சு. அப்ப தப்பு யார் மேல?"

என் கையில் ஒரு நோட்டீஸைத் திணித்தார். "பொது உபயோகத்திலுள்ள சுத்திகரிப்பு வசதியைப் பராமரிக்கத் தவறியமை" என்று போட்டிருந்தது.

"ஏன் தம்பி, அந்தத் தொட்டியில ரெண்டு மூட்டை சுண்ணாம்பு கொட்டச் சொன்னா ஆகாதா?" என்றாள் இவள்.

"அது அவங்க சொந்தத் தொட்டிம்மா. அடுத்தவங்க சொத்துல நாம எப்படிக் கை வைக்கிறது?"

சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுச் சுவரை அன்பாகத் தடவிப் பார்த்தார். "இதுவும் சுண்ணாம்புதானே?"

அவர் படிப்பை நான் குறை சொல்லமாட்டேன். அமிலத்தை அடக்கச் சுண்ணாம்பு வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதை யார் வீட்டிலிருந்து எடுக்கலாம் என்பதும் தெரியும். அடுத்தவன் வீட்டுச் சுவரைச் சுரண்டிக்கொண்டு போனால் எங்கள் தெருவில் அதைத் திருட்டு என்போம். ஒரு தாளை முக்கிப் பார்த்துவிட்டுச் சுரண்டினால் அது வேதியியல்.