கொழுப்பு பத்தாத மாப்பிள்ளை

“அப்பா, அவங்க கிளம்புற வரைக்கும் நீங்க வாயே திறக்கப்படாது. ‘வாங்க’ன்னு சொல்லுங்க, ‘சாப்பிடுங்க’ன்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை கூடாது.”

ஜெப்சி காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். கில்பர்ட்டும் தலையை ஆட்டிவைத்தார். அக்காள்மடத்தில் விசைப்படகு ஓட்டுகிற மனுசர். எப்பேர்ப்பட்ட காற்றையும் சமாளிப்பார், தன் வாயை மட்டும் அவருக்குச் சமாளிக்கத் தெரியாது.

மகள் பயந்ததிலும் நியாயம் இருந்தது. ராமநாதபுரத்தில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. கூட வேலை பார்க்கும் சகாயவினோத்தைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பையனுடைய அப்பா சகாயம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் பிள்ளைகள் இரண்டும் பாதியாக இளைத்துவிட்டன. அந்த மனுசர் இன்றைக்குத்தான் உச்சிப்புளியிலிருந்து குடும்பத்தோடு பெண் பார்க்க வருகிறார். அவர் முகம் சுளித்தால் கல்யாணம் அம்போதான்.

கில்பர்ட்டோ, கொஞ்ச நாளாக வாயைத் திறந்தால் ஒரே பேச்சு. கொழுப்பு!

போன மாதம் ஊரே வைரஸ் காய்ச்சலில் சுருண்டு படுத்தது. கில்பர்ட் மட்டும் கல்லுக்குண்டாட்டம் நடமாடினார். கொலஸ்ட்ரால் எகிறிப் போச்சு என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்த அதே கில்பர்ட்! “எனக்கு மட்டும் ஏன்டி வரல?” என்று அவர் கேட்டபோது ஜெப்சி சும்மா இருந்திருக்கலாம். படித்த பிள்ளை, படித்ததைச் சொல்லிவிட்டாள்.

ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்துகொண்டு திரியும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இருக்கின்றன. சரக்கை இறக்கிவைப்பதுதான் அவற்றின் பிழைப்பு. ஆனால் போகிற வழியில் சில வைரஸ்களைக் கண்டால் அப்படியே ஒட்டிப் பிடித்துக்கொண்டு, உடம்பின் செல்லுக்குள் நுழையவிடாமல் மறித்துவிடுமாம். ஆராய்ச்சியில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கில்பர்ட் நெஞ்சைத் தடவிக்கொண்டார். “ஏ மாதாவே! சரக்கு ஏத்துற வண்டி ரோந்தும் சுத்துதா? கடல்ல அவனவன் நம்மளத்தான் பிடிக்கிறான். நமக்காக இன்னொருத்தனைப் பிடிக்கிற ஆள இப்பத்தான் கேள்விப்படுறேன்!”

மனுசருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. “அதுக்காக மாத்திரையை நிறுத்திராதீங்கப்பா, கொழுப்பு கூடிப்போனா இதயத்துக்கு ஆபத்து” என்று மகள் மிரட்டினாள். அவரும் தினமும் மாத்திரையை விழுங்கிக்கொண்டே கொழுப்பின் புகழைப் பாடிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள்.

“வாங்க,” என்றார் கில்பர்ட். “சாப்பிடுங்க,” என்றார். கையிருப்பு தீர்ந்துபோனதால் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, சகாயவினோத் தும்முகிற வரைக்கும். ஒற்றைத் தும்மல் என்றால் பொறுத்திருப்பார். பையன் அடுக்கடுக்காகத் தும்மினான்.

“தம்பிக்குக் கொழுப்பு பத்தலையோ?”

சகாயம் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். “என்ன சொன்னீங்க?”

“குறையாச் சொல்லலைங்க சார்…”

“என் மகனைக் கொழுப்பில்லாமத்தான் வளர்த்திருக்கேன்.”

“அங்கனதான் தப்புப் பண்ணிட்டீக! ஆம்பளப் பிள்ளைக்குக் கொஞ்சமாச்சும் கொழுப்பு வேணும்ல?”

ஜெப்சி கண்ணாலேயே கெஞ்சினாள். எங்கோ உதைக்கிறது என்று கில்பர்ட்டுக்கும் புரிந்தது. சரிக்கட்டப் பார்த்தார்.

“அதுக்காகக் கவலைப்படாதீக. இது பரம்பரையா வர்றது. சாரைப் பாத்தாலே தெரியுது, உங்களுக்கு நிறையவே இருக்கும்.”

சகாயத்தின் மீசை துடித்தது. அடுப்படியிலிருந்து கில்பர்ட்டின் மனைவி வியாகுலம் பதறிக்கொண்டு வந்தாள்.

“சார், தப்பா எடுத்துக்கிறாதீக. எங்க வீட்டுக்காரருக்குத்தான் கொழுப்பு ஜாஸ்தி. டாக்டரே சொல்லியிருக்காரு.”

“இதைச் சொல்ல டாக்டர் எதுக்கும்மா? அதான் நல்லாத் தெரியுதே!”

“ஐயோ மாமா,” ஜெப்சி குறுக்கே விழுந்தாள். “அப்பா சொல்றது ரத்தத்துல இருக்கிற கொழுப்பு!”

“ஓகோ, ரத்தத்துலயே ஊறிப்போனதா?”

ஜெப்சி விடவில்லை. துகள், வைரஸ், செல் என்று மூச்சுவிடாமல் விளக்கினாள். என்ன அழகாகச் சொல்கிறது இந்தப் பிள்ளை என்று கில்பர்ட் அந்த நிலைமையிலும் பூரித்துப்போனார். சகாயமும் அந்தக் காலத்தில் அறிவியல் பாடம் நடத்தியவர்தான். புருவம் மெல்ல இறங்கியது. “அட, நம்ம உடம்புக்குள்ள இவ்வளவு சங்கதி நடக்குதா?” என்று வியந்தார்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. சகாயவினோத் உதவிக்கு வந்தான்.

“ஆமாப்பா. போன வாரம் உங்களுக்கு டெஸ்ட் எடுத்தேன்ல? உங்ககிட்ட நல்ல கொழுப்பு கொஞ்சம்தான். இருக்கிறது பூரா கெட்ட கொழுப்பு.”

சகாயம் எழுந்துவிட்டார். “பெத்த அப்பனுக்கே பட்டம் கட்டுறியா? பிரகாசி, கிளம்பு! இந்தச் சம்பந்தமே வேணாம்!”

அவர் மனைவி பிரகாசி வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின.

கில்பர்ட்டுக்கு உயிரே போய்விட்டது. ஜெப்சி சுவரோடு சாய்ந்து கண்ணீரை அடக்கிக்கொண்டு நின்றாள். அடப் பாவி, என் வாயாலேயே எம்பிள்ளை வாழ்க்கையைக் கெடுத்துப்புட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. போய் அந்த அம்மாள் முன்னால் கைகூப்பி நின்றார்.

“தங்கச்சி, அழுவாதம்மா. நான் வாய்த்துடுக்குல பேசிப்புட்டேன். எங்க மகளை மட்டும் வேணாம்னு சொல்லிராதம்மா.”

பிரகாசி முந்தானையை எடுத்தாள். சிரித்துச் சிரித்து அவள் முகமெல்லாம் சிவந்திருந்தது.

“கல்யாணமாகி வந்த நாள்லருந்து என் தொண்டைக்குள்ளயே கெடந்த வார்த்தையை அண்ணன் பொட்டுனு போட்டு ஒடைச்சுட்டாக, இந்த வீட்டுச் சம்பந்தத்தை விட்டுட்டுப் போக எனக்கென்ன கிறுக்கா, உக்காந்து தேதியைக் குறிங்க!”