மருமகளின் தேர்வறையில் நான் போட்ட ரவுண்டு

விதிமுறை தெரியாதவர்கள் செய்யும் குளறுபடிகளை, ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் இருந்த முப்பத்திரண்டு ஆண்டுகளும் பார்த்துச் சலித்தவன் நான். எல்லா விதியும் தெரிந்தவன் எவ்வளவு பெரிய நாசம் செய்யலாம் என்பதை, ஓய்வுபெற்ற பிறகு என் வீட்டிலேயே செய்து காட்டினேன்.

மருமகள் கவிதா கடலூரில் டிப்ளமோ நர்ஸ். வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் பட்டம் படித்தாள். வீட்டிலிருந்தே கேமரா முன் எழுதும் கடைசித் தேர்வில் தேறினால் வார்டு பொறுப்பு அவளுக்கு. தவறினால் அந்தப் பதவி வேறு ஆளுக்கு. கடலூர் முதுநகரில் அவர்கள் வீட்டில் நெட் அடிக்கடி காலை வாரும் என்பதால் சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு எழுத வந்தாள்.

விதிகள் நாற்பது பக்கம். அச்செடுத்து அடிக்கோடிட்டேன். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது என்பதற்கு மட்டும் இரண்டு கோடு. தண்ணீர் பாட்டிலில் லேபிளும் கூடாதாம். (நானே நகத்தால் சுரண்டினேன்.)

"மாமா, நான் ஐசியூவுல வேலை பாக்குறவ. நீங்கதான் ஜாஸ்தி பயப்படுறீங்க" என்றாள்.

கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுக் காவல் இருந்தேன். கடைசி அரைமணி வந்தது. அந்த நேரத்தில் என் கால்கள் என்னைக் கேட்பதில்லை. கதவைத் திறந்து, கைகளைப் பின்னால் கட்டியபடி நடந்து, அவள் முதுகுக்குப் பின்னால் நின்று அறிவித்தேன்: "இன்னும் அரைமணி நேரம். கூடுதல் தாள் வேணுங்கிறவங்க எழுந்து நில்லுங்க."

திரையில் கேள்விகள் மறைந்தன. கேமரா வழியே கண்காணிக்கும் பெண்ணின் குரல் வந்தது: "மேடம், பின்னாடி யாரு?"

"ஹால் சூப்பர்வைசர்" என்றேன். (ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.)

"அது நாந்தாங்க சார்."

கவிதா குரலை உயர்த்தவில்லை. ஊசிக்கு முரண்டு பிடிக்கும் நோயாளியிடம் பேசுவதுபோல், "மாமா, வெளிய போய் ஒக்காருங்க" என்றாள். பிறகு திரையிடம்: "எங்க மாமனாருங்க. எக்ஸாம் செக்‌ஷன்ல ரிட்டயர் ஆனவுங்க, பழக்கதோஷம். ரெக்கார்டிங்க பாருங்க, பதில் ஒண்ணும் சொல்லல. ரூம முழுசா காட்டுறேன்." கட்டிலுக்கு அடிவரை காட்டினாளாம்.

பதினொரு நிமிடம் போனது, திரும்பக் கிடைக்கவில்லை. மிச்ச நேரத்தில் எழுதி, முதல் வகுப்பில் தேறினாள்.

இப்போது வார்டு அவள் கையில். அங்கே அதே பட்டம் படிக்கும் மூன்று நர்சுகளுக்கு அவளே பாடம் சொல்லித் தருகிறாள். தேர்வெழுத எங்கள் வீட்டுக்குத்தான் அனுப்புகிறாள். அவள் கைப்பட எழுதி ஒட்டிய நடைமுறைப் பட்டியலின் முதல் வரி: 'மாமாவை ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் ஏற்றிவிடவும். பஸ் கிளம்பியதை உறுதி செய்யவும்.' குறைசொல்ல முடியாத விதி.

ஒவ்வொரு தேர்வு நாளும் ஸ்ரீமுஷ்ணம் கோயில் வாசல் பூக்காரம்மா என்னைப் பார்த்ததும், "இன்னிக்கு என்னா பரீட்ச சார்?" என்கிறார்.

"குழந்தைகள் மருத்துவம்" என்றேன் போன வாரம், நானே எழுதுவதுபோல.