துள்ளுமாவுக்கு நீட்டிய கை

ஸ்ரீவில்லிபுத்தூர்,
குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள்.

மிகுந்த மரியாதைக்குரிய என் அக்கா பரிபூரணம் அவர்களின் சமுகத்துக்கு, தம்பி தேவஇரக்கம் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. உங்கள் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் நம் சிவப்பு மாட்டின் கோபமும் இந்நேரம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். கையில் போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் என்னைப் பேசவிட்டதே இல்லை, அதற்காகத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஈஸ்டருக்கு என்னால் சாயர்புரம் வர முடியாது. கிழித்துப் போட்டுவிடாமல் மேலே படியுங்கள். செல்லக்கனி போன பிறகு வருகிற முதல் ஈஸ்டர், அவள் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டியவன் புருஷன்காரன்தான் என்று நீங்கள் சொன்னது என் காதிலேயே நிற்கிறது. எனக்கு வர ஆசை இல்லாமலா? ஆனால் மாரியம்மன் கோயிலில் எனக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம், நான் மதம் மாறவில்லை. எல்லாம் ஒரு பிடி துள்ளுமாவால் வந்தது.

இதற்கு மூலகாரணம் நவநீதகிருஷ்ணன். மின்வாரியத்தில் என்னோடு கம்பம் ஏறி இறங்கியவன், ரிட்டயரானதும் சொந்த ஊரான ராஜபாளையத்தில் மாந்தோப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். "யுகாதிக்கு வாய்யா, ரெண்டு நாள் இருந்துட்டுப் போ" என்று கூப்பிட்டான். தனியாகத்தானே கிடக்கிறோம் என்று மஞ்சள் பையில் இரண்டு வேட்டியோடு பஸ் ஏறினேன். யுகாதிப் பச்சடி என்று வேப்பம்பூ, மாங்காய், வெல்லம், புளி, மிளகாய் எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தார்கள். முதல் வாய் கசந்தது, இரண்டாவது வாய் இனித்தது, மூன்றாவது வாயில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய் என்று சொல்லிச் சமாளித்தேன். அவன் வீட்டம்மா "இங்கா கொஞ்செம்" என்று தெலுங்கில் சொல்லி இன்னொரு கரண்டி வைத்தார்கள். சாப்பிட்டுத் தோப்பில் கட்டிலைப் போட்டுப் படுத்தால், மாம்பூ உதிர்ந்து சட்டையெல்லாம் விழுகிறது, மலையில் மேகம் இறங்குவதும் ஏறுவதுமாக இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவேன், விழித்தால் காலையா சாயங்காலமா என்றே பிடிபடாது, யாராவது காபியோடு வந்தால் சாயங்காலம் என்று தெரிந்துகொள்வேன். ரெண்டு நாள் இப்படியே நீண்டுபோனது.

அப்புறம் வந்து சேர்ந்தான் ஆண்டிச்சாமி. அவனும் எங்களோடு கம்பம் ஏறியவன்தான், வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். "ஏலே இரக்கம், ராசபாளையத்துக்காரன் வீட்லயே கெடந்தா எப்படிலே? எங்க தெருவுல பங்குனிப் பொங்கல் சாட்டியிருக்கு. கெளம்பு" என்று பைக்கில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டான். அவன் பெண்சாதி வெள்ளத்தாய் அன்றைக்கு ஊறவைத்த பச்சரிசியை இடித்து, வெல்லமும் ஏலமும் சுக்கும் சேர்த்துத் துள்ளுமாவு பிசைந்துகொண்டிருந்தாள். அந்த மணத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது. கேட்டேன். "சாமிக்குப் படைச்ச பொறவுதான் அண்ணாச்சி, கோயில்ல வந்து வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டாள். போனேன். ஒரு வரிசை நின்றது. எல்லோரும் வலது கையை நீட்டினார்கள், நானும் நீட்டினேன். இங்கேதான் அக்கா தப்பு நடந்தது. சர்ச்சில் திருவிருந்துக்குக் கண்ணை மூடித் தலையைக் குனிந்து கை நீட்டித்தானே நமக்குப் பழக்கம்? அதேபோல நின்றேன். கண்ணைத் திறந்தால் கையில் மாவைக் காணோம், மணிக்கட்டில் மஞ்சள் நூல்! மாவு வரிசை அந்தப் பக்கமாம்.

"ஐயா, நான் வேதக்காரன்" என்று பூசாரி சமுத்திரத்திடம் பதறினேன். மனுஷன் அசையவே இல்லை. "இருந்துட்டுப் போங்க. நீங்க பயபக்தியா நின்ன மாதிரி எங்க ஆளுகளே நிக்கல. கட்டுனது கட்டுனதுதான், திருவிழாக் கடைசியில மஞ்சத்தண்ணி அன்னைக்குத்தான் அவுக்கணும். அதுவரைக்கும் கவிச்சி ஆகாது, ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது" என்றார். மஞ்சத்தண்ணி என்றைக்கு? ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை! லெந்து நோன்பு நாள் முழுக்கக் கவிச்சி தொடாமல், உங்கள் கையால் ஆக்கும் ஈஸ்டர் பிரியாணியைக் கனவில் மட்டும் தின்றுகொண்டிருந்தவனுக்கு வந்த சோதனையைப் பாருங்கள்.

ஒரு கத்திரிக்கோல் கிடைக்கவில்லையா என்று நீங்கள் கத்துவது இங்கே கேட்கிறது. கிடைக்கும். ஆனால் தெருவே எனக்காகப் பயப்படுகிறதே, நான் என்ன செய்ய? எல்லை தாண்டிவிடுவேனோ என்று ஆண்டிச்சாமி என் செருப்பைக்கூடப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். காப்புக் கட்டின புது ஆள் பசியோடு இருக்கக் கூடாது என்று வீட்டுக்கு வீடு மொச்சைக் குழம்பு, மாங்காய்ப் பச்சடி, பானக்கம் என்று வந்துகொண்டே இருக்கிறது. எதிர்வீட்டு அம்மா நேற்று குருத்தோலை ஞாயிறு என்று கேள்விப்பட்டு, தென்னங்குருத்தில் ஒரு கிளி செய்து கொடுத்தார்கள். சிலுவை பண்ணத் தெரியாதாம். நான் கிளியைப் பிடித்துக்கொண்டு ஓசன்னா பாடினேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு இங்கே கனவு மாதிரி இருக்கிறது அக்கா. பொழுது சாயும்போது மலை பக்கத்தில் நகர்ந்து வந்து நிற்கிறது. அடுத்த அறையில் யாராவது பாத்திரத்தை உருட்டினால் செல்லக்கனிதான் என்று நினைத்துச் செத்த நேரம் சும்மா இருக்கிறேன். அங்கே நம் ஊர் வீட்டில் அப்படி இருக்க முடியாது. அங்கே அவள் நாற்காலி இருக்கிறது, அவள் கண்ணாடி இருக்கிறது. இங்கே அவளைப் பற்றி ஒருத்தரும் ஒன்றும் கேட்பதில்லை.

ஆகவே இந்த ஒரு வருஷம் எனக்காக நீங்களே மெழுகுவர்த்தி ஏற்றிவிடுங்கள். பிரியாணியில் என் பங்கு அத்தானுக்கு. உயிர்த்தெழுந்தவரின் சமாதானம் உங்கள் வீட்டிலும் தொழுவத்திலும் தங்கியிருப்பதாக.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
தேவஇரக்கம்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். தபாலில் போடச் சொல்லி வெள்ளத்தாயிடம் கொடுத்தேன், அவள் நடு வீட்டில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துவிட்டாள். "ஏன் அண்ணாச்சி, ராத்தங்கக் கூடாதுன்னுதான சொன்னோம்? வெடிஞ்சதும் போயிட்டு, பொழுதடையறதுக்குள்ள வந்துர வேண்டியதுதான?" என்றாள். நான் கடிதத்தை வாங்கி மடிக்கப் போனேன். அவள் கடிதத்தை விடவில்லை. "அங்க போகப் பயமா இருக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். அக்கா, எல்லோர் முன்னாலும் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டேன். ஆண்டிச்சாமி போய் என் செருப்பை எடுத்துவந்து காலடியில் போட்டான். "அப்ப நாங்களும் வாரோம்" என்று வெள்ளத்தாய் சொன்னதும் எதிர்வீட்டு அம்மா, பூசாரி, நவநீதகிருஷ்ணன் குடும்பம் என்று ஒரு வேன் நிறைந்துவிட்டது. விடியற்கால ஆராதனைக்கு வந்து சேர முடியாது, உச்சி வெயிலில்தான் வருவோம், மெழுகுவர்த்தி வளைந்தாலும் பரவாயில்லை. வருகிறவர்களில் பாதிப்பேர் காப்புக் கட்டியவர்கள், அதனால் பிரியாணியை நிறுத்திவிட்டுச் சாம்பார் வையுங்கள். துள்ளுமாவு நாங்கள் கொண்டுவருகிறோம். முன்பின் தெரியாத இத்தனை பேர் கல்லறைக்கு எதற்கு என்று யாரையும் கேட்டுவிடாதீர்கள். செல்லக்கனிக்கு வீட்டுக்கு ஆள் வந்தால் சந்தோஷம்.