சீட்டுக்கு அடியில் பதினேழு பை

பைத்தியம்னு சொல்லாதீங்க! யாரு யாரைச் சொல்றது? பை வாங்கி வாங்கி ஒளிச்சு வெச்ச மனுஷன் பைத்தியம்னா, போன வாரம் தக்காளியை ஹெல்மெட்டுல போட்டுத் தூக்கிட்டுப் போன நீங்க யாரு? ரொம்பத் தெளிவோ? கதையை முழுசாக் கேளுங்க. அப்புறம் பேசுங்க.

அவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில வேலை. கார் இடிபட்டுச்சுன்னு ஒருத்தர் பணம் கேட்டா, நிஜமாவே இடிபட்டுச்சா, இல்ல அந்த ஆளே சுத்தியலால தட்டிக்கிட்டாரான்னு இவர் போய்ப் பாக்கணும். அதாவது, சந்தேகப்படறதுக்கே சம்பளம். ஆபீஸ்ல எட்டு மணி நேரம் சந்தேகப்படுவார். வீட்டுக்கு வந்ததும் ஓவர்டைம். நாலு மாடிக் குடியிருப்பு முழுக்க அவருக்குத் 'துப்பறியும் சார்'னு பேரு. அதைப் பாராட்டுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தார், பாவம்.

அப்பத்தான் தெருமுனை சூப்பர் மார்க்கெட்ல போர்டு மாட்டினாங்க: 'இனி பிளாஸ்டிக் பை கிடையாது. துணிப்பை விற்பனைக்கு உண்டு.'

"பாத்தியா? முதல் வரியில பூமியைக் காப்பாத்தறான். ரெண்டாவது வரியில நம்மளைக் கவுக்கறான்!"ன்னு வீட்டுக்குள்ள வந்து குதிச்சார். "பிஸ்கட் பிளாஸ்டிக்ல. ரொட்டி பிளாஸ்டிக்ல. உரிச்ச பூண்டுக்குக்கூட ஒரு பிளாஸ்டிக் சட்டை. அதெல்லாம் பூமியை ஒண்ணும் பண்ணாதாம். நான் தூக்கிட்டு வர்ற பை மட்டும்தான் பண்ணுமாம்!"

"சரிதாங்க. அதுக்கு ஏன் எங்கிட்ட கத்தறீங்க?" மனைவி துணி மடிச்சுக்கிட்டே கேட்டாங்க.

"இந்தக் குடியிருப்புல இனிமே ஒருத்தரும் அங்க பை வாங்கக் கூடாது. சங்கத்துல தீர்மானம் போடப்போறேன்."

போட்டார். மாடிப்படி கூட்டறவங்க வேலையை விட்டுப் போன நேரம் அது. அதனால தண்டனையும் அவரே கண்டுபிடிச்சார்: கவுன்ட்டர்ல பை வாங்கினது நிரூபணமானா, அந்த ஆள் ஒரு மாசம் நாலு மாடிப் படியையும் தனியாளாக் கூட்டணும். பதினாறு வீடும் கை தூக்குச்சு. கூட்டப்போறது பக்கத்து வீடுதான்னு பதினாறு வீட்டுக்கும் நம்பிக்கை.

மூணாவது நாளே தீர்மானம் உடைஞ்சுச்சு. உடைச்சது, போட்டவர்.

உடனே பல்லை இளிக்காதீங்க. உங்களுக்கும் நடக்கறதுதான். மனைவி ஒவ்வொரு தடவையும் பழைய பழுப்புப் பையை மடிச்சுக் கையில குடுத்துத்தான் அனுப்புவாங்க. அவர் அதைப் பத்திரமா ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில வைப்பார். கடைக்குள்ள போவார். பில் போட்டு முடிஞ்சதும்தான் மண்டையில உறைக்கும். பை வண்டியில இருக்கு. வண்டி வெளியில இருக்கு. பின்னாடி பதினோரு பேர் இருக்காங்க. அதுல ஒருத்தர் இருமுவார். அது சளி இருமல் இல்ல, 'சீக்கிரம்யா' இருமல்.

"பை வேணுமா சார்?"ன்னு கவுன்ட்டர் பொண்ணு கேக்கும்.

"ம்"பார், உதட்டை அசைக்காம.

வெளியில வந்து, ரெண்டு பக்கமும் பாத்து, சாமானைப் புதுப் பையிலேர்ந்து பழைய பைக்கு மாத்துவார். புதுசை மடிச்சுச் சீட்டுக்கு அடியில திணிப்பார். குப்பையில போட்டுடலாம்தான். ஆனா யாராவது கிளறினா? குப்பைங்கிற வார்த்தைக்குள்ளயே பை ஒளிஞ்சிருக்கே, அது காட்டிக் குடுக்காதுன்னு என்ன நிச்சயம்? இப்படியே பதினேழு சேர்ந்துச்சு.

"ஏங்க, வண்டி சீட்டு இரைப்பை வீங்கின மாதிரி நிக்குதே?"

"எந்தப் பை? பையெல்லாம் எதுவும் இல்ல!"

"இரைப்பைங்க. வயிறு."

"ஓ. அது... ஸ்பிரிங்."

"ஸ்பிரிங்குக்கு அஜீரணமா?"

"உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்? போ, போய் வேலையைப் பாரு."

போனாங்க. ஆனா சிரிச்சுக்கிட்டே போனாங்க. காரணம் தெரியாத சிரிப்பு அவருக்கு ஆகவே ஆகாது. அன்னிக்கு சாயங்காலமே மனைவி தோள்ல ஒரு புதுப் பையைப் பாத்தார். பச்சைக் கலர்.

"இது ஏது?"

"பழைய ஜன்னல் திரையில நானே தெச்சேன்."

"நீயா? தையல் நேராப் போகுதே!"

"நேராத் தெச்சாத் தப்பா?"

"நேரா இருந்தா மெஷின். மெஷின்னா கடை."

"என் மெஷினைக் காணலையா நீங்க? பத்து வருஷமா உங்க பேன்ட்டுக்கு அதுலதான் ஒட்டுப் போடறேன்."

"பதில் ரொம்பத் தயாரா இருக்கு"ன்னு முணுமுணுத்துக்கிட்டே நோட்டை எடுத்தார்.

ஏன் இந்த வேகம்னு கேளுங்க. நாலு மாடிப் படி கண்ணு முன்னாடி நிக்குது. தான் மாட்டறதுக்குள்ள வேற யாராவது மாட்டணும். அந்த வேற யாராவது வீட்டுலயே கிடைச்சா அலைச்சல் மிச்சம்.

சனிக்கிழமை மதியம். அவர் ஹால்ல பேப்பர் படிக்கிற மாதிரி உக்காந்திருந்தார். அடுப்படியில மனைவி போன்ல பேசறாங்க. எப்பவும் மெதுவாப் பேசறவங்க, அன்னிக்குக் கொஞ்சம் சத்தமாவே பேசினாங்க. கடைசி வரி தெளிவாக் காதுல விழுந்துச்சு.

"சரி, அஞ்சு மணிக்கு வாங்க... பை!"

பேப்பர் கையிலேர்ந்து நழுவுச்சு. அஞ்சு மணிக்கு. வாங்க. பை. சிக்கிட்டா! நோட்டுல எழுதி மூணு தடவை அடிக்கோடு போட்டார்.

நாலே முக்காலுக்கே கிளம்பிட்டார். ஸ்கூட்டர் சத்தம் காட்டிக் குடுத்துரும்னு நடந்தே போனார். சூப்பர் மார்க்கெட்ல சோப்புத்தூள் அடுக்குக்குப் பின்னாடி பதுங்கினார். அஞ்சாச்சு. அஞ்சே காலாச்சு. ஆறு தும்மலும் ஆச்சு. மனைவி வரலை. செக்யூரிட்டிதான் வந்தார்.

"என்ன சார் தேடறீங்க?"

"சோப்புத்தூள்."

"அரை மணி நேரமா அதுக்கு நடுவுலதானே நிக்கறீங்க?"

"நான் எதையும் தீர விசாரிக்காம வாங்க மாட்டேன்."

"அது வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லாது சார். எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

ஊரையே சந்தேகப்படற மனுஷனை ஒருத்தர் சந்தேகப்பட்டா எப்படி இருக்கும்? வேர்த்துக் கொட்டுச்சு. சோப்புத்தூள், வெங்காயம், ரெண்டு டஜன் முட்டைன்னு கையில பட்டதையெல்லாம் அள்ளிக்கிட்டுக் கவுன்ட்டருக்கு ஓடினார்.

கவுன்ட்டர் பொண்ணு நிமிர்ந்துகூடப் பாக்கலை. "உங்க பையும் சேர்த்துப் போட்டுட்டேன் சார்"ன்னு பதினெட்டாவதை நீட்டுச்சு.

வீட்டுக்குக் கீழ வந்ததும் அதைச் சீட்டுக்கு அடியில திணிச்சுட்டு, சோப்புத்தூளையும் முட்டையையும் வெங்காயத்தையும் மாரோட அணைச்சுக்கிட்டு மூணு மாடி ஏறினார்.

"எங்க போயிருந்தீங்க?"

"நீ எங்க போயிருந்தே?"

"எங்கயும் போகலையே. ஒருத்தங்க வந்திருந்தாங்க."

"யாரு?"

"நாளைக்குத் தெரியும்."

'மழுப்பல்'னு நோட்டுல சேர்த்துக்கிட்டார்.

ஞாயித்துக்கிழமை காலையில, வண்டி நிறுத்தற இடத்துல சங்கக் கூட்டம். அவர் தொண்டையைச் செருமிக்கிட்டு எந்திரிச்சார்.

"நம்ம தீர்மானத்தை ஒருத்தர் மீறியிருக்காங்க. சொந்தம்னெல்லாம் நான் பாக்க மாட்டேன். ஆதாரம் இருக்கு." நோட்டைத் திறந்து கணீர்னு படிச்சார். "'அஞ்சு மணிக்கு வாங்க, பை!' சொன்னது என் மனைவி!"

சங்கத் தலைவியான எதிர் வீட்டு டீச்சர் மெதுவா எந்திரிச்சாங்க.

"சார், அது எனக்குச் சொன்னது. அஞ்சு மணிக்கு என்னை வரச் சொன்னாங்க. அப்புறம் 'பை' சொல்லிட்டுப் போனை வெச்சாங்க. நீங்க போனை வைக்கறப்ப வேற என்ன சொல்லுவீங்க?"

"வ... வந்து?"

"வந்து, சாட்சியா நின்னேன். உங்க மனைவி இன்னொரு சாவி போட்டு ஸ்கூட்டர் சீட்டைத் திறந்தாங்க. நேத்து பதினேழு இருந்துச்சு. இன்னிக்குக் காலையில எண்ணினா பதினெட்டு."

மனைவி பதினெட்டுப் பையையும் படிக்கட்டுக் கைப்பிடியில வரிசையா மாட்டினாங்க. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு துண்டுச்சீட்டு! தொழில் புத்தி விடுமா? கம்பெனிக்கு எழுதற மாதிரியே தேதி போட்டு, காரணம் எழுதி, கீழ கையெழுத்தும் வெச்சிருக்கார் மனுஷன்.

"ஒன்பதாவது பை," மனைவி படிச்சாங்க. "காரணம்: மழை வரக்கூடும் என்று தோன்றியது."

சிரிப்பு கிளம்புச்சு.

"பன்னெண்டாவது. காரணம்: மனைவி ஞாபகப்படுத்தவில்லை. ஏங்க, கையில மடிச்சுக் குடுத்தேனே! கையில!"

"அது... அந்தச் சூழ்நிலையில..."

"இருங்க, இன்னும் ஒண்ணு இருக்கு. பதினெட்டாவது, நேத்தைய தேதி. காரணம்: பை வாங்குபவரைக் கையும் களவுமாகப் பிடிக்கச் சென்றபோது."

மனைவி துண்டுச்சீட்டை மடிச்சாங்க. பதினாறு வீட்டு ஜனமும் வாயைப் பொத்திக்கிட்டு அவரையே பாத்துச்சு.

"பிடிச்சுட்டீங்களாங்க? அப்ப எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமாச் சொல்லுங்க. அது யாரு?"