கத்தரிக்காய்க்கு விழுந்த ஓட்டு

அன்புள்ள நீலாம்பாள் அத்தைக்கு,

தஞ்சாவூரிலிருந்து பிரகதீஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. பட்டுக்கோட்டையில் உங்கள் மூட்டுவலியாவது குறைந்திருக்கட்டும். போனில் உங்களுக்குச் சரியாகக் காது கேட்காது. கத்திச் சொன்னால் பக்கத்து அறையில் படுத்திருக்கும் உங்கள் தம்பிக்குக் கேட்டுவிடும். அதனால்தான் கடிதம்.

அப்பா தோற்றுவிட்டார், அத்தை. ஐந்து முறை ஊராட்சித் தலைவர், வாய்க்கால் மதகிலிருந்து சுடுகாட்டு விளக்கு வரை கொண்டுவந்தவர், ஒரே ஒரு ஓட்டில் நெடுஞ்செழியனிடம் தோற்றார். ஐந்து முறையும் அவருக்குக் கத்தரிக்காய் சின்னம். ஊரில் அவர் பெயரே கத்தரிக்காய்த் தலைவர். இந்த முறை இருவரும் அதையே கேட்க, குலுக்கலில் அது நெடுஞ்செழியனுக்குப் போய்விட்டது. அப்பாவுக்குப் பூட்டு சாவி. பழைய பழக்கம் விடவேண்டும் என்று அன்றிலிருந்து நம் வீட்டுச் சமையலறைக்குள் கத்தரிக்காயே நுழையக் கூடாதென்று உத்தரவு, சாம்பாரில்கூட. அப்படியும் ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் அம்மா பக்கத்து வீட்டு ரெங்கம்மாளிடம், "நாளைக்குக் கத்தரிக்காய மறந்துடாதடி" என்று வாய் தவறிச் சொல்லித் தொலைத்தாள். அது அப்பா காதில் விழுந்துவிட்டது. பிறகென்ன, வழக்கப்படி கத்தரிக்காயில் முத்திரை குத்தி அவரைத் தோற்கடித்தது அம்மாதான் என்று தீர்ப்பு. "கூட இருந்தே குத்திட்டாம்மா. அவ ஒத்துக்கிட்டாத்தான் அந்த வீட்டுப் படி ஏறுவேன்" என்று பையோடு என் பிளாட்டுக்கு வந்துவிட்டார். நாற்பத்தெட்டு வருஷக் குடித்தனம் அத்தை, ஒரு கத்தரிக்காயில் வந்து நிற்கிறது.

இங்கே வந்தும் சும்மா இல்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்வையிட்டார். மூன்றாவது மாடி ஜன்னத் பீவியிடம் முதியோர் பென்ஷன் ஒழுங்காக வருகிறதா என்று விசாரித்தார். அந்த அம்மாள் ஓய்வுபெற்ற தாசில்தார். எரியாத தெருவிளக்கின் கீழ் நின்று யாரையோ போனில் அதட்டினார். எதிர்முனையில் நீங்க யாரு என்று கேட்டிருப்பார்கள் போல. போனை வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார். அப்பா ஊருக்கே சொந்தமாகிவிட்டார் என்று சின்ன வயதிலிருந்து குறைபட்டவள் நான். இப்போது மொத்தமாகக் கையில் கிடைத்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிறேன்.

அம்மாவோ போனில், "நான் அய்யனார் முன்னால கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்றேன். அவரும் பக்கத்துல நின்னு அடிக்கட்டும்" என்கிறாள். நியாயம்தானே என்று அப்பாவிடம் சொன்னேன். தலை சுற்றுகிறது என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். பாவம், அவமானம் அவரை அப்படி உலுக்கியிருக்கிறது.

நீங்கள் ஒரு நடை வந்து, செய்யாத தப்பாக இருந்தாலும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடும்படி அம்மாவிடம் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

உங்கள் ஆசி எங்கள் எல்லோருக்கும், முக்கியமாக உங்கள் தம்பிக்கு, வேண்டும்.

இப்படிக்கு,
பிரகதீஸ்வரி

பி.கு.: நீங்கள் வர வேண்டாம், அத்தை. உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரிந்ததும் அப்பா எழுந்து வந்தார். உலகத்தில் அவர் பயப்படுவது அக்கா ஒருத்திக்குத்தானே. "அவ குத்தலம்மா. நான்தான். பூட்டு சாவியத்தான் தேடுனேன், கை அதுவா கத்தரிக்காய்க்குப் போயிடுச்சு" என்றார். அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னால், அவளுக்கு ஓர் அதிர்ச்சியும் இல்லை. "அன்னைக்கே தெரியும். பூத்த விட்டு வெளிய வந்தப்ப மூஞ்சியப் பாத்தேனே. இல்லாட்டி எதுக்குக் கற்பூரம் வாங்கி வெக்கிறேன்? மத்தியான பஸ்ஸுக்குக் கெளம்பச் சொல்லு. வரும்போது அரைக் கிலோ கத்தரிக்கா வாங்கிட்டு வரட்டும். அவர் கையாலயே பொறுக்கச் சொல்லு."